பினாங்கு ஆய்வகத்தில் ஒரு புதிய உலோக பாஸ்பேட்: கலப்பதிலிருந்து நிரூபிப்பது வரை

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு பாஸ்பேட் பழக்கமான பெயர். செம்பனைக்கும் ரப்பருக்கும் போடுகிற கிறிஸ்மஸ் தீவு ராக் பாஸ்பேட் மூட்டைகள் நம் தாத்தாக்களின் தோளில் ஏறி இறங்கியவை. அந்த மூட்டையில் இருக்கும் கனிமத்துக்கும், மின்சாரக் காரின் பேட்டரியில் இருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கும் அடிப்படை அலகு ஒன்றுதான். நடுவில் ஒரு பாஸ்பரஸ், சுற்றி நான்கு ஆக்சிஜன். இந்த நான்முகியை எந்த உலோகத்தோடு, எந்தக் கோணத்தில், என்ன இடைவெளி விட்டுக் கோர்க்கிறோம் என்பதில்தான் பொருளின் குணம் மாறுகிறது. 1982-இல் யூனியன் கார்பைட் ஆய்வாளர்கள் அலுமினியத்தோடு கோர்த்து, ஜியோலைட் போன்ற நுண்துளைகள் கொண்ட அலுமினோபாஸ்பேட் குடும்பத்தை அறிவித்தார்கள். 1988-இல் அதே குடும்பத்தில் விபிஐ-5 என்ற பொருள் வந்தது, பெரிய துளை வளையத்தோடு. 1997-இல் குட்இனஃப் குழு லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை பேட்டரி மின்முனையாக முன்வைத்தது. கோர்க்கும் வழிகள் இன்னும் தீர்ந்துவிடவில்லை.

பினாங்கு மிண்டனில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதுகலை ஆய்வோ முனைவர் ஆய்வோ தொடங்கும் நம் பிள்ளைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். படிகத்தை வளர்ப்பது பாதி வேலை. மூன்று விஷயங்களை நிரூபிப்பது மீதிப் பாதி: இது புதியது, இதன் வாய்பாடு சரி, குப்பியில் இருக்கும் பொடி முழுவதும் இதுவே. முதல் இரண்டையும் எல்லோரும் செய்துவிடுகிறார்கள். மூன்றாவதில்தான் பலருடைய கட்டுரை திரும்பி வருகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லிப் பழகிய நமக்கு, இந்தத் துறையில் அந்தக் கணக்கு செல்லாது என்பதை முதலிலேயே புரிந்துகொள்வது நல்லது.

முதலில் தெரிந்த ஒன்றைச் செய்து பாருங்கள்

புதியதைத் தேடிப் போவதற்கு முன், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாஸ்பேட்டை உங்கள் கையால் செய்யுங்கள். என் பரிந்துரை ஹோபைட். மூன்று ஜிங்க், இரண்டு பாஸ்பேட், நான்கு நீர் மூலக்கூறு கொண்ட கனிமம் இது. இரும்புத் தகட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் முன் கொடுக்கும் பாஸ்பேட் பூச்சில் உருவாவதும் இதுதான். 2.44 கிராம் ஜிங்க் ஆக்சைடை நீரில் குழப்பி, 85% பாஸ்பாரிக் அமிலம் 1.36 மில்லியை நீர்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சூட்டில் நன்றாகக் கலக்கி, வடிகட்டி, கழுவி உலர்த்துங்கள்.

இதைப் பவுடர் எக்ஸ்-ரேயில், அதாவது பொடியில் பட்டுச் சிதறும் கதிரைக் கோணத்துக்குக் கோணம் அளக்கும் டிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால், காப்பர் கதிரில் இரு தீட்டா (கதிர் விலகும் கோணம்) 9.6, 9.7 டிகிரிக்கு அருகில் முதல் பீக் (உச்சம்) தெரிய வேண்டும். டிஜிஏவில் (சூடேற்றிக்கொண்டே எடை அளக்கும் கருவி) சூடாக்கினால் நீர் முழுவதும் போகும்போது 15.7% எடை குறைய வேண்டும். இரண்டும் பொருந்தினால் உங்கள் தராசு, டிஃப்ராக்டோமீட்டர், டிஜிஏ, உங்கள் கை எல்லாமே நம்பத்தக்கவை என்று தெரிந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு. ஜிங்க் பாஸ்பேட் வேலையில் அழைக்காமலே வந்து உட்காரும் கலப்படம் பெரும்பாலும் ஹோபைட்தான். அதன் முகம் உங்களுக்கு முன்பே பழகியிருக்கும்.

கலவை

புதிய அமைப்பைத் தேடும்போது ஹைட்ரோதெர்மல் முறையே, அதாவது மூடிய கலத்தில் நீரோடு சூடாக்குவதே, முதல் வழி. எஃகுக் கூட்டுக்குள் டெஃப்லான் குடுவை வைத்த சிறிய ஆட்டோகிளேவ் போதும், 23 மில்லி கொள்ளளவு. ஓர் உலோக உப்பு, பாஸ்பாரிக் அமிலம், நீர், அப்புறம் ஓர் ஆர்கானிக் அமீன், அதாவது நைட்ரஜன் உள்ள காரத்தன்மைக் கரிமச் சேர்மம். அமீன் புரோட்டானை வாங்கி நேர்மின் அயனியாகி, எதிர்மின் கொண்ட உலோக பாஸ்பேட் கட்டமைப்பின் இடைவெளியில் போய் உட்காரும். கட்டமைப்பு அதைச் சுற்றி வளர்வதால் அதை டெம்ப்ளேட் என்கிறோம். அமீனை மாற்றினால் கட்டமைப்பும் மாறும் வாய்ப்பு அதிகம்.

தொடங்குவதற்கு ஓர் அளவு தருகிறேன். ஜிங்க் அசிட்டேட் டைஹைட்ரேட் 0.44 கிராம், அதாவது 2 மில்லிமோல். நீர் 10 மில்லி. 85% பாஸ்பாரிக் அமிலம் 0.27 மில்லி, 4 மில்லிமோல். நீரற்ற பிபரசின் என்ற அமீன் 0.34 கிராம், அதுவும் 4 மில்லிமோல். ஜிங்கையும் அமிலத்தையும் முதலில் கரைத்துவிட்டு, பிபரசினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்குங்கள். அமிலமும் அமீனும் சேரும்போது சூடேறும், அவசரம் வேண்டாம். குடுவையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. 150 டிகிரியில் மூன்று நாள் வைக்கலாம்.

மூடுவதற்கு முன் பிஎச் அளந்து எழுதுங்கள், திறந்த பின்னும் அளந்து எழுதுங்கள். இந்த இரண்டு எண்கள் இல்லாத நோட்டுப் புத்தகம் பாதிப் புத்தகம். காரணம், பாஸ்பாரிக் அமிலம் தன் மூன்று புரோட்டான்களையும் ஒரே நேரத்தில் விடுவதில்லை. அதன் மூன்று பிகேஏ மதிப்புகள் (ஒவ்வொரு புரோட்டானும் பாதி விடுபடும் பிஎச்) ஏறத்தாழ 2.1, 7.2, 12.3. பிஎச் தாழ்வாக இருந்தால் பாஸ்பேட்டின் ஆக்சிஜன்கள் சிலவற்றில் ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்த முனைகள் உலோகத்தோடு சேராது, அதனால் சங்கிலிகளும் அடுக்குகளும் வரும். பிஎச் ஏற ஏற முனைகள் விடுபட்டு முப்பரிமாணக் கட்டமைப்பு வர வாய்ப்பு கூடும். அளவுக்கு மீறினால் ஹோபைட்டோ ஜிங்க் ஆக்சைடோ கீழே படியும். ஆக, தேடல் என்பது பெரும்பாலும் இந்தப் பிஎச் சாளரத்துக்குள் நடப்பது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் பாஸ்பேட்டுக்கும் அமீனுக்கும் உள்ள விகிதம், அடுத்து வெப்பநிலை, அடுத்து நாட்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் நல்ல படிகம் கிடைத்தாலும் எதனால் கிடைத்தது என்று சொல்ல முடியாது.

பினாங்கின் ஈரக்காற்றை யாரும் பாடத்தில் சொல்லித் தருவதில்லை. ஜிங்க் குளோரைடு பாட்டிலைத் திறந்து தராசருகே வைத்துவிட்டுத் திரும்பினால் அது கசிந்து நிற்கும். அதனால்தான் அசிட்டேட்டையோ ஆக்சைடையோ எடுக்கச் சொல்கிறேன். நீரற்ற பிபரசினும் ஈரத்தை இழுக்கும், எடை போட்டவுடன் மூடுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருக்கிறதா என்று காலையில் ஒரு முறை பாருங்கள். ஓவனுக்கு ஒரு சிறிய வெப்பநிலைப் பதிவுக் கருவி வைப்பதும் நல்லது. இடி மழையில் மின்சாரம் ஒரு நிமிடம் போய் வந்தால் சில ஓவன்கள் தாமாகத் திரும்ப இயங்காது, உங்களுக்கும் தெரியாது.

தைப்பூசம், தீபாவளி விடுமுறையை ஒட்டி நீண்ட வினைகளை வைப்பது நம்மவர்களின் வழக்கம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் வருவதற்குள் மூன்று நாள் வினை முடிந்திருக்கும், சரிதான். ஆனால் ஓவன் கதவில் உங்கள் பெயர், தொடர்பு எண், உள்ளே இருப்பது என்ன, எத்தனை டிகிரி என்று எழுதி ஒட்டாமல் போகாதீர்கள்.

பாதுகாப்பில் இரண்டு விதிகளுக்கு விலக்கே கிடையாது. ஆட்டோகிளேவ் அறை வெப்பநிலைக்கு முழுவதும் ஆறிய பிறகே திறக்க வேண்டும். வெளிக்கூடு கைக்குக் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் டெஃப்லான் உள்ளே சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். இன்னொன்று, சில கட்டுரைகள் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் சேர்க்கச் சொல்லும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும், அந்த அமிலத்தோடு பழகிய ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் போகலாம், ஆனால் உள்ளே எலும்பு வரை இறங்கும்.

திறந்த பிறகு

மேலே நிற்கும் நீரை எறிந்துவிடாமல் வடித்து வையுங்கள். படிகங்களை நீரில் கழுவி, பிறகு எத்தனால் விட்டு, அறைக் காற்றில் உலர்த்துங்கள். 100 டிகிரி ஓவனில் உலர்த்தும் பழக்கத்தை விடுங்கள். கட்டமைப்புக்குள் நீர் இருந்தால் நீங்கள் அளக்கப் போகும் பொருளையே மாற்றிவிடுவீர்கள்.

இப்போது மைக்ராஸ்கோப். போலரைசர் போட்டுப் பார்க்க வேண்டும். நல்ல ஒற்றைப் படிகத்தைச் சுழற்றினால், 90 டிகிரிக்கு ஒரு முறை முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டு, மீண்டும் ஒளிரும். ஒரு பாதி இருளும்போது மறுபாதி ஒளிர்ந்தால் அது இரட்டைப் படிகம் அல்லது இரண்டு ஒட்டிக்கொண்டது. கியூபிக் படிகம் மட்டும் எப்போதும் இருண்டே இருக்கும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஊசி, தட்டு, கட்டி என்று எத்தனை வடிவங்கள் தெரிகின்றன என்று எண்ணி எழுதுங்கள். இரண்டு வடிவம் இருந்தால் இரண்டு பொருள் இருக்கலாம். பின்னால் பவுடர் பேட்டர்னில் (பொடியின் எக்ஸ்-ரே வரைபடம்) வரும் தலைவலிக்கு விடை பெரும்பாலும் இங்கேயே கிடைத்துவிடும்.

ஒற்றைப் படிக எக்ஸ்-ரே

0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை உள்ள, விளிம்பு கூர்மையான ஒரு படிகத்தை எண்ணெயில் தோய்த்து லூப்பில் ஏற்றுங்கள். முழு டேட்டா எடுக்கும் முன் யூனிட் செல்லை (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைப் பெட்டி) மட்டும் கண்டுபிடித்து, தரவுத்தளங்களில் தேடுங்கள். அமீன் உள்ள சேர்மங்கள் கேம்பிரிட்ஜ் தரவுத்தளத்தில் இருக்கும், முழுக் கனிமச் சேர்மங்கள் ஐசிஎஸ்டி என்ற கனிமக் கட்டமைப்புத் தரவுத்தளத்தில் இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும். இந்தப் பத்து நிமிட வேலை, ஏற்கெனவே யாரோ வெளியிட்டதற்கு ஒரு நாள் கருவி நேரத்தைச் செலவழிப்பதைத் தடுக்கும். "அண்ணே, அழகான கிரிஸ்டல், கண்டிப்பா புதுசுதான்" என்று ஓடி வரும் இளையவர்களிடம் நான் முதலில் கேட்பது செல் அளவைத்தான். அழகுக்கும் புதுமைக்கும் தொடர்பில்லை.

ஷெல்எக்ஸ் மென்பொருள் தொகுப்பில் கட்டமைப்புக்குத் தீர்வு கண்டு சீராக்கும் முறையைப் பல நூல்கள் விளக்குகின்றன, அதை இங்கே விரிக்கவில்லை. தீர்வு வந்த பிறகு என்ன கேட்க வேண்டும் என்பதே முக்கியம். ஆர் மதிப்பு (தீர்வுக்கும் அளவீட்டுக்கும் உள்ள வேறுபாடு) 5 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். பிணைப்பு நீளங்களைப் பாருங்கள். பாஸ்பரஸ்–ஆக்சிஜன் நீளம் சராசரியாக 1.53 ஆங்ஸ்ட்ராம். ஏதாவது ஒன்று 1.57, 1.58 என்று நீண்டிருந்தால் அந்த ஆக்சிஜனில் ஹைட்ரஜன் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். 1.50-க்குக் குறுகியிருந்தால் அது எந்த உலோகத்தோடும் சேராத முனையாக இருக்கலாம். நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த ஜிங்க்குக்கு 1.94 ஆங்ஸ்ட்ராம் இயல்பு.

ஹைட்ரஜனை எக்ஸ்-ரே சரியாகக் காட்டாது. அங்கே கைகொடுப்பது பிணைப்பு இணைதிறன் கணக்கு. பாஸ்பரஸ்–ஆக்சிஜன் பிணைப்புக்கு உரிய மாறிலியான 1.617-இலிருந்து பிணைப்பு நீளத்தைக் கழித்து, 0.37-ஆல் வகுத்து, வந்த எண்ணை e-யின் அடுக்காக எடுங்கள். 1.53 நீளத்துக்கு 1.27 வரும். அப்படி நான்கு பிணைப்புகளைக் கூட்டினால் பாஸ்பரஸுக்கு 5.06, அதன் இணைதிறன் 5-க்கு மிக அருகில். இதே முறையில் ஒவ்வொரு ஆக்சிஜனுக்கும் கூட்டுங்கள். ஏறத்தாழ 2 வந்தால் நிறைவு. 1.1, 1.2 என்று நின்றால் பெரும்பாலும் அது ஹைட்ராக்சில். உலோகத்தோடு மட்டும் சேர்ந்து 0.4 போல வந்தால் அது நீர். ஒரு தாளில் கையால் செய்யக்கூடிய கணக்கு இது. செய்து பார்த்தவர்களுக்குக் கட்டமைப்பு கண்ணுக்கு முன் நிற்கும்.

மின்சுமை சமன் ஆகிறதா

கணக்குப் பழக ஒரு வாய்பாட்டை எடுத்துக்கொள்வோம்: ஒரு பிபரசினியம், இரண்டு ஜிங்க், மூன்று ஹைட்ரஜன் பாஸ்பேட். இரண்டு ஜிங்க் 4 நேர்மின், மூன்று ஹைட்ரஜன் பாஸ்பேட் 6 எதிர்மின். கட்டமைப்புக்கு மிச்சம் 2 எதிர்மின். இரண்டு புரோட்டான் வாங்கிய பிபரசினியம் அதைச் சரிக்கட்டுகிறது. சமன் ஆகாவிட்டால் ஹைட்ரஜனை எங்கோ தவறவிட்டிருக்கிறீர்கள், அல்லது உலோகத்தின் ஆக்சிஜனேற்ற நிலையைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள். இரும்பு, வனேடியம் போன்றவற்றில் இரண்டாவது அடிக்கடி நடக்கும்.

இந்த வாய்பாட்டின் மூலக்கூறு எடை 506.9. எனவே தனிமப் பகுப்பாய்வில் கார்பன் 9.5%, நைட்ரஜன் 5.5%, ஹைட்ரஜன் 3.0% வர வேண்டும். சூடாக்கினால் அமீனும் நீரும் போய், இரண்டு ஜிங்க்கும் மூன்று பாஸ்பரஸும் ஒன்பதரை ஆக்சிஜனும் மிஞ்சும். அந்த மிச்சம் 74.1%. டிஜிஏ 26 சதவீதத்துக்கு அருகில் இழப்பைக் காட்டினால் நல்லது. 29, 30 என்று காட்டினால் நீர் கூடுதலாக இருக்கிறது. அது கட்டமைப்புக்குள் இருக்கும் நீரா, நம் ஊர்க் காற்றிலிருந்து பொடி வாங்கிய ஈரமா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஒரே பொடியைப் பாதி திறந்த நிலையிலும், பாதி டெசிகேட்டரிலும் (ஈரம் புகாத உலர்த்தும் கலம்) ஓர் இரவு வைத்து இரண்டையும் அளந்தால் விடை கிடைக்கும்.

உலோகத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதத்தை ஐசிபியில் (பொருளைக் கரைத்துத் தனிமங்களை அளக்கும் கருவி) அளப்பதே நம்பகமானது. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இடிஎக்ஸ் (வெளிவரும் எக்ஸ்-ரேயின் ஆற்றலை வைத்துத் தனிமங்களை அறியும் அளவீடு) எடுப்பதானால், பிளாட்டினம் அல்லது தங்கப் பூச்சு கொடுக்காதீர்கள். பாஸ்பரஸின் கதிர் 2.01 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். பிளாட்டினத்தின் ஒரு கதிர் 2.05, தங்கத்தின் ஒரு கதிர் 2.12. மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து பாஸ்பரஸ் அளவு பொய்யாக வரும். கார்பன் பூச்சு கேளுங்கள். ஜிர்கோனியம் பாஸ்பேட் செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பூச்சில் இல்லை, பொருளிலேயே இருக்கிறது. ஜிர்கோனியத்தின் கதிரும் 2.04. அவர்கள் ஐசிபியை விட்டு வேறெதையும் நம்பக் கூடாது.

பொடி முழுவதும் அதுதானா

இங்கே நிதானம் தேவை. ஒற்றைப் படிகத் தீர்விலிருந்து ஒரு பவுடர் பேட்டர்னைக் கணக்கிட்டு வரைய மென்பொருள்கள் உண்டு. அதை உங்கள் குப்பிப் பொடியின் அளவீட்டோடு ஒன்றன் கீழ் ஒன்றாக வையுங்கள். 5 முதல் 50 டிகிரி வரை, மெதுவாக எடுத்தது. கணக்கில் உள்ள எல்லாப் பீக்கும் அளவீட்டில் இருக்க வேண்டும். அளவீட்டில் உள்ள எல்லாப் பீக்கும் கணக்கில் இருக்க வேண்டும். இரண்டாவது கேள்வியைக் கேட்க மறப்பவர்கள்தான் அதிகம். பெரிய பீக்குகள் பொருந்தியதும் மனம் நிறைந்துவிடுகிறது. அடியில் 9.7 டிகிரியில் சின்னதாக ஒன்று தலைகாட்டினால் அது ஹோபைட், கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

பொருந்தாமைகள் எல்லாம் கலப்படமும் அல்ல. எல்லாப் பீக்கும் கோணம் கூடக் கூட மெல்ல விலகிப் போனால், ஒற்றைப் படிகத்தை மைனஸ் 173 டிகிரியிலும் பொடியை அறை வெப்பநிலையிலும் அளந்ததே காரணமாக இருக்கலாம். குளிரில் செல் சுருங்கும், அறையில் விரியும், அதனால் அறைப் பேட்டர்ன் தாழ்ந்த கோணத்துக்கு நகரும். பீக்குகள் எல்லாம் இடத்தில் இருந்து, ஒரு வரிசை மட்டும் அளவுக்கு மீறி உயர்ந்தால், தட்டு வடிவப் படிகங்கள் ஒரே பக்கமாகப் படுத்துக்கொண்டிருக்கின்றன. மாதிரியை அழுத்தாமல் பக்கவாட்டில் நிரப்பி மீண்டும் எடுங்கள். எல்லாப் பீக்கும் ஏறத்தாழ ஒரே அளவு நகர்ந்திருந்தால் மாதிரியின் உயரம் தவறு.

கண்ணால் ஒப்பிட்டதோடு நிற்காமல் லெ பெய்ல் பொருத்தம் செய்யுங்கள், அதாவது செல் அளவைக் கொண்டு முழுப் பேட்டர்னையும் கணினியில் பொருத்துங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஜிசாஸ்-2 மென்பொருள் போதும். ஒற்றைப் படிக செல்லைத் தொடக்கமாகக் கொடுத்தால், பொருந்தாத பீக்கை வேறுபாட்டுக் கோடு காட்டிக்கொடுக்கும். ஆனால் எக்ஸ்-ரேக்கும் எல்லை உண்டு. சில சதவீதத்துக்குக் கீழே உள்ள கலப்படம் அதில் தெரியாமல் போகலாம். படிகமாகாத பொருள் பீக்கே தராது. அதனால்தான் தனிமப் பகுப்பாய்வும் டிஜிஏவும் இதே பொடியில், இதே குப்பியில் எடுக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். எக்ஸ்-ரேக்கு ஒரு தொகுதி, டிஜிஏவுக்கு வேறு தொகுதி என்று எடுத்து ஒன்றாக ஒட்டினால் அந்த நிரூபணம் நிற்காது.

ஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) விரைவாக முடிந்துவிடும். அலை எண்ணில் (செ.மீ.⁻¹) 1000 முதல் 1150 வரை பாஸ்பேட்டின் பெரிய பட்டை, 500 முதல் 650 வரை வளைவு அதிர்வுகள், 1640-இல் நீர், 1600 அருகில் அமீனின் வளைவு. கேபிஆர் (பொட்டாசியம் புரோமைடு) வட்டு போடுவதைவிட, பொடியை அப்படியே வைத்து அளக்கும் ஏடிஆர் நல்லது. நம் ஊரில் கேபிஆர் குடித்த ஈரம் உங்கள் பொருளின் நீராக வேடம் போடும். திண்மநிலை பாஸ்பரஸ் என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) கிடைத்தால் விடாதீர்கள். கட்டமைப்பில் எத்தனை வகைப் பாஸ்பரஸ் என்று எக்ஸ்-ரே சொன்னதோ, பொதுவாக அத்தனை சமிக்ஞைகள் வர வேண்டும். படிகமாகாத கலப்படத்தையும் இது காட்டும். கோபால்ட், மாங்கனீஸ், இரும்பு போன்ற காந்தத் தன்மை உள்ள உலோகங்களில் மட்டும் இது எளிதாகக் கைகூடாது.

துளை உண்டு என்று எப்போது சொல்லலாம்

படத்தில் பெரிய வளையம் தெரிந்தால் நுண்துளைப் பொருள் என்று எழுதிவிடும் ஆசை வரும். அந்த வளையத்துக்குள் அமீன் அடைத்து உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியேற்றிய பின்னும் கட்டமைப்பு நிற்க வேண்டும், அதற்குப் பிறகு நைட்ரஜன் உறிஞ்சுதல் அளவீடு துளையைக் காட்ட வேண்டும். அலுமினோபாஸ்பேட்டுகள் பல இந்தச் சோதனையைத் தாங்குகின்றன. ஜிங்க் பாஸ்பேட்டுகள் பெரும்பாலும் டெம்ப்ளேட் போனதும் இடிந்துவிடும். 200, 300, 400 டிகிரி என்று தனித்தனியாகச் சூடாக்கி ஒவ்வொன்றுக்கும் பவுடர் பேட்டர்ன் எடுத்தால் எந்த இடத்தில் இடிகிறது என்று தெரியும். இடிந்தது என்று எழுதுவதில் குறையில்லை, அதுவும் முடிவுதான்.

வெளியே கொண்டுபோவதற்கு முன்

கட்டமைப்பு விவரம் கொண்ட சிஃப் கோப்பை, அதைச் சரிபார்க்கும் செக்சிஃப்பில் போட்டு, ஏ, பி நிலை எச்சரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். பிறகு தரவுத்தளத்தில் வைப்புச் செய்து எண் வாங்குங்கள். அமீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்போது வைப்புச் செய்ய ஒரே கூட்டு வாசல்தான்.

அதோடு, ஆய்வகத்தில் வேறு ஒருவரிடம் உங்கள் குறிப்பை மட்டும் கொடுத்து, பக்கத்தில் நிற்காமல், அதே பொருளைச் செய்யச் சொல்லுங்கள். அவர் பொடியும் உங்கள் கணக்கிட்ட பேட்டர்னோடு பொருந்தினால் செய்முறைப் பகுதி எழுதத் தயார். பொருந்தாவிட்டால் குறிப்பில் ஏதோ எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், பெரும்பாலும் அது பிஎச்சாகவோ சேர்க்கும் வரிசையாகவோ இருக்கும். மிச்சப் பொடியைக் கண்ணாடிக் குப்பியில் இறுக மூடி, தேதி, தொகுதி எண், நோட்டுப் புத்தகப் பக்கம் மூன்றையும் குப்பி மேலேயே எழுதி டெசிகேட்டரில் வையுங்கள். மதிப்பாய்வாளர் இன்னொரு டிஜிஏ கேட்டால் எடுக்க வேண்டியது அந்தக் குப்பியிலிருந்துதான்.